ஈழத்தலரி: ஒரு பெயரின் வரலாறு

கோயில் வீதிகளிலும், விகாரைகளின் மணல் முற்றங்களிலும், சேமக்காலை மதில்களின் ஓரத்திலும் நாம் அடிக்கடி காணும் மரம் ஒன்றுண்டு. தடித்து வளைந்த சாம்பல் நிறக் கொம்புகள். கீறினால் வெள்ளைப் பால். கோடை வறட்சியில் இலையெல்லாம் உதிர்ந்து பட்ட மரம்போல நிற்கும் வேளையிலும், கொம்பு நுனிகளிற் கொத்துக் கொத்தாகப் பூத்து நிலத்திலே சொரியும். வெள்ளிதழ் ஐந்து, நடுவே மஞ்சள். பொழுதுபட்டால் அதன் மணம் வீதியெங்கும் பரவும். ஆங்கிலேயர் இதனைக் கோயில் மரம் என்றனர். சிங்கள மக்கள் அரலிய என்பர். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியோ இதனை ஈழத்தலரி என்று குறிக்கின்றது.

நம் நாட்டின் பெயரை முடியிலே சூடிய மரம் என்று கேட்கும்போது நமக்கு மகிழ்ச்சி தோன்றுவது இயல்பே. ஈழத்தில் விளைந்த பொருள் கடல் கடந்து சென்றதைப் பட்டினப்பாலை கூறும். ஈழக்காசு என ஒரு நாணயம் சோழர் கல்வெட்டுக்களிலே பேசப்படும். அவ்வரிசையில் இம்மரத்தையும் வைத்து, இது நம் மண்ணிலே தோன்றித் தமிழகஞ் சென்ற மரம் என்று முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் மரத்தின் பிறப்பு வேறு, பெயரின் பிறப்பு வேறு. இரண்டையும் தனித்தனியே ஆராய்வதே முறை.

இம்மரத்தின் தாயகம் அமெரிக்கா. மெக்சிக்கோ முதல் வெனிசுவேலா வரையுள்ள நிலப்பகுதியும், கரீபியன் கடலின் தீவுகளுமே இதன் பிறப்பிடம். இதன் இனத்தைச் சேர்ந்த மரங்கள் பெரும்பாலும் அப்பகுதியின் காடுகளிலேயே தாமாக வளர்கின்றன. ஆசியாவையோ ஆபிரிக்காவையோ தாயகமாகக் கொண்ட இவ்வினத்து மரம் ஒன்றேனும் இல்லை. மெக்சிக்கோவின் பழங்குடியினராகிய அஸ்தெக்கு மக்கள் தம் நாவாத்தில் மொழியிலே இதனைக் காகலோஷோசித்தில் என்று அழைத்தனர். காகலோத்தில் என்றால் காக்கை. ஷோசித்தில் என்றால் பூ. எனவே காக்கைப்பூ என்பது பொருள். காகம் என்ற நம் சொல்லும் காகலோத்தில் என்ற அவர் சொல்லும் ஒத்திருப்பதைக் கண்டு, அஸ்தெக்கர் நம் உறவினர் என்று கட்டுரை எழுதப் புறப்படும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். எந்நாட்டிலும் அப்பறவை தன் பெயரைத் தானே கத்திச் சொல்லிக்கொடுக்கின்றது. அதற்கு மேல் அங்கே உறவு ஏதும் இல்லை.

இனி ஐரோப்பியர் இதற்கு இட்ட பெயர்களைப் பார்ப்போம். அவை இரண்டு. தாவர நூலார் வழங்கும் பெயர் புளுமேரியா; பொதுமக்கள் வழங்கும் பெயர் பிராஞ்சிப்பானி.

புளுமேரியா என்பது சார்ள்ஸ் புளுமியே என்னும் பிரெஞ்சுத் துறவியின் பெயரால் வந்தது. அவர் 1646-ஆம் ஆண்டு மார்செய் நகரிலே பிறந்தவர். மினிம் என்னும் துறவியர் சபையிலே சேர்ந்து கணிதம் பயின்றவர். மரத்தையும் தந்தத்தையும் கடைச்சல் பிடிக்குங் கலையிற் கைதேர்ந்து, அதுபற்றி 1701-இல் ஒரு பெரிய நூலும் வெளியிட்டவர். அக்கைகளே பின்னர் ஆயிரக்கணக்கான செடிகொடிகளை ஓவியமாக வரைந்தன. 1689-இல் முதன்முறையாகக் கரீபியன் தீவுகளுக்குச் சென்றார். அதன்பின் பதினான்காம் லூயி மன்னரின் தாவரவியலாளர் என்ற பதவி பெற்று, மேலும் இருமுறை அங்கே சென்று வந்தார். 1703-இல் வெளியான தம் நூலிலே, தாம் கண்ட புதிய இனங்கள் பலவற்றுக்குப் பிற அறிஞர்களின் பெயர்களைச் சூட்டினார். பியர் மக்னோலின் பெயரால் மக்னோலியா. மிசெல் பெகோனின் பெயரால் பெகோனியா. பூக்ஸ் என்பாரின் பெயரால் பூக்ஸியா. இன்று நம் இல்லங்களில் தொட்டிகளிலே வளரும் பெகோனியாவுக்கு அப்பெயர் வைத்தவர் இவரே.

பிறர் பெயரை நிலைநாட்டிய அவருடைய பெயரை நிலைநாட்டியவர் தூர்னபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-இல் அப்பெயரையே ஏற்றுத் தம் நூலில் எழுதினார். எழுதும்போது துறவியின் பெயரிலிருந்த ஓர் எழுத்து இடம்மாறி விழுந்துவிட்டது. அதனாற் பலர் நெடுங்காலம் புளுமியேரா என்று திருத்தி எழுதி வந்தனர்; எனினும் லின்னேயஸ் எழுதியபடியே பெயர் நிலைத்துவிட்டது. புளுமியே தம் வாழ்நாளின் இறுதியில், காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா மரத்தைத் தேடிப் பெரு நாட்டுக்குச் செல்லப் புறப்பட்டார். ஸ்பெயினிலே கப்பலுக்காகக் காத்திருந்த இடத்தில், 1704-இல், நோயுற்று இறந்தார்.

பிராஞ்சிப்பானி என்ற பெயரின் கதை இதனினும் வேடிக்கையானது. இத்தாலியிலே பிராஞ்சிப்பானி என்றொரு பழைய பிரபு குடும்பம் இருந்தது. பஞ்சகாலத்தில் ஏழைகளுக்கு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த முன்னோர் ஒருவரால் அக்குடும்பத்துக்கு இப்பெயர் வந்ததென்பர். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 16-ஆம் நூற்றாண்டிலே, சீமான்கள் அணியுந் தோற் கையுறைகளுக்கு ஊட்டுவதற்கென ஒரு வாசனைக் கலவை செய்தார். கையுறைகளும் அவ்வாசனையும் ஐரோப்பா எங்கும் பிரபலமாயின. பின்னர் அமெரிக்கத் தீவுகளிலே இம்மலரை மோந்த ஐரோப்பியருக்கு அந்தக் கையுறையின் மணமே நினைவுக்கு வந்தது! ஆகவே பூவின் பெயரை வாசனைத் திரவியத்துக்கு வைக்கும் உலக வழக்கம் இங்கே தலைகீழாயிற்று. வாசனைக் கலவையின் பெயர் பூவுக்கு வந்தது. அதுவும் அப்பூவை ஒருநாளும் கண்டிராத ஒரு பிரபுவின் பெயர்.

இவ்வளவு புகழ்பெற்ற மணமுடைய இப்பூவிலே தேன் ஒரு துளியும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். இரவிலே மணத்தை வீசி, பெரிய அந்துப்பூச்சிகளை ஏமாற்றி அழைத்து, வெறுங்கையோடு அனுப்பிவிடுகின்றது. ஏமாந்த பூச்சி வேறு பூவிலும் தேடும்போது மகரந்தம் மாறிவிடும். நம் நாட்டில் இம்மரங் காய்ப்பது மிக அரிது. பின் எப்படி இது உலகெங்கும் பரவிற்று என்றால், கொம்பினால்தான். வேலிக்குக் கதியால் வெட்டுவதுபோல ஒரு கொம்பை வெட்டி, பால் வற்றும்வரை சில நாட்கள் நிழலிலே போட்டு வைத்து நட்டால் வேர் பிடித்துவிடும். நீரின்றி வாரக்கணக்காகக் கிடந்தாலும் அக்கொம்பு சாவதில்லை. கிடந்த இடத்திலேயே பூ விடுவதும் உண்டு. நெடுங் கடற்பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் வேறு எது?

அப்பயணத்தின் வழியை நமக்குக் காட்டுவன பெயர்களே. 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிக்கோவின் அக்கபுல்கோத் துறைக்கும் பிலிப்பைன் தீவுகளின் மணிலாத் துறைக்கும் இடையே பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து ஓடின. பிலிப்பைன் மக்கள் இம்மரத்தைக் கலச்சூச்சி என்பர். காகலோஷோசித்தில் என்ற பழைய அஸ்தெக்குப் பெயரே ஸ்பானியர் வாயிலே தேய்ந்து, மாலுமிகளின் வாயிலே மேலும் தேய்ந்து கலச்சூச்சி ஆயிற்று. மரமும் பெயரும் ஒரே கப்பலில் வந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மணிலாவுக்கு அப்பால் அப்பெயர் செல்லவில்லை. மரம் மாத்திரம் சென்றது. மலாய் மக்களும் யாவா மக்களும் இதனைக் கம்போஜா என்றனர். கம்போடியா நாட்டுப் பூ என்பது கருத்து. ஒல்லாந்தக் கும்பனியின் கீழ் அம்போன் தீவிலே வாழ்ந்து 1702-இல் இறந்த ரும்பியஸ் என்னும் அறிஞர், இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்குண்டு மடிந்திருப்பதைக் கண்டு, முறுக்குப்பூ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் இதனை வருணித்தார். ஆகவே 17-ஆம் நூற்றாண்டிலேயே கீழைத் தீவுகளில் இம்மரம் இருந்தது என்பது உறுதி. லாவோஸ் மக்கள் சம்பா என்றனர்; இன்று அது அந்நாட்டின் தேசிய மலர். தாய்லாந்திலே லந்தோம் என்றனர். அச்சொல் அவர்கள் மொழியிலே துயரத்தைக் குறிக்குஞ் சொல்லோடு ஒலியில் ஒத்திருந்தபடியால், வீட்டு வளவுக்குள் நடாது ஒதுக்கினர். அண்மைக் காலத்திலே லீலாவதி என்று புதுப்பெயர் சூட்டியபின், அதே மரம் அங்கே வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது.

கம்போஜா என்ற பெயரை மாத்திரம் இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். கம்போடியா இம்மரத்தின் தாயகம் அன்று. ஆயினும் மலாய் மக்கள் பொய் சொன்னார்கள் என்று கூறுவது தகாது. அவர்கள் கைக்கு அது வந்த வழியை, அல்லது வந்ததாக அவர்கள் கருதிய வழியைப் பெயராக்கினர். உலகெங்கும் மக்கள் இப்படித்தான் பெயரிடுகின்றனர். வான்கோழியை எடுத்துக்கொள்வோம். அதுவும் அமெரிக்காவிற் பிறந்ததே. ஆங்கிலேயர் அதனைத் துருக்கி என்றனர். பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து வந்தது என்றனர். ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டைக் கோழி என்றனர். தமிழகத்தார் நிலக்கடலையை மணிலாக் கொட்டை என்பதும் இவ்வகையினதே. அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. மணிலா அது தங்கி வந்த துறை. இப்பெயர்களெல்லாம் பொருளின் பிறந்த வீட்டைச் சொல்வனவல்ல. கடைசியாகப் புறப்பட்ட துறைமுகத்தைச் சொல்வன.

ஈழத்தலரி என்ற பெயரையும் நாம் இவ்வண்ணமே கொள்கின்றோம். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டது 1492-இல். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தது 1505-இல். ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1796 வரை நம் கரைகளை ஆண்டனர். அம்போனும் பத்தாவியாவும் கொழும்பும் அவர்கள் கப்பல்கள் ஓடிய ஒரே பாதையின் துறைகள். இக்காலத்தினுள்ளே கீழைத் தீவுகளின் மரம் இங்கே வேரூன்றியிருத்தல் வேண்டும். இங்கிருந்து பாக்கு நீரிணையைத் தாண்டுவதற்கு ஒரு தோணியும் ஒரு கொம்பும் போதும். அக்கரையில் நட்டவர்கள், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு, ஈழத்திலிருந்து என்று விடை கூறினர். மலையாள நாட்டார் இதனை ஈழச்செம்பகம் என்பதும் இதனை வலியுறுத்துகின்றது. தமிழகமும் மலையாளமும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. திசை நம் தீவு.

இதற்கொரு தடையுண்டு. ஈழம் என்னுஞ் சொல்லுக்கு நாட்டின் பெயர் என்பதோடு பொன், கள், கள்ளி என்னும் பொருள்களும் பழைய நிகண்டுகளிலே கூறப்பட்டுள்ளன. இம்மரமோ கள்ளியைப் போலப் பால் சுரப்பது. தமிழகத்திற் கள்ளி மந்தாரை என்றும் இதற்கொரு பெயர் உண்டு. அப்படியாயின் ஈழத்தலரி என்பது, கள்ளி போன்ற அலரி என்றுதான் பொருள்படுமோ? கேள்வி நியாயமானதே. ஆயினும் ஈழம் என்ற சொல்லைக் கள்ளி என்ற பொருளிலே ஆள்வது நிகண்டு கற்ற புலவர் வழக்கு. தோட்டத்திலே கொம்பு நடுகின்றவன் வழக்கன்று. புதிதாக வந்த மரத்துக்குப் பெயரிடுபவன் அவனே. மேலும் அலரியும் பால் சுரக்கும் மரமாதலின், கள்ளி போன்ற அலரி என்பது வேறுபாடு காட்டும் அடையாகாது. ஆகவே நாட்டுப் பெயர் என்பதே நம் துணிபு.

பெயரின் பிற்பகுதியையும் பார்க்க வேண்டும். அலரி நம் பழைய செடி. செவ்வலரியும் வெள்ளலரியும் எந்தக் கோயில் நந்தவனத்திலும் காணப்படும். புதிய மரத்தைக் கண்டவர்கள், அதன் பாலையும், நீண்ட இலையையும், ஐந்திதழ் முறுக்கிய பூவையும் கண்டு, இது அலரிக்கு இனம் என்று உணர்ந்தனர். தெலுங்கர் தேவகன்னேரு என்றனர். கன்னடர் தேவகணகிலை என்றனர். கன்னேரு, கணகிலை என்பனவும் அலரியே. ஒருவரை ஒருவர் கேளாமல் மூன்று மொழியாரும் ஒரே முடிவுக்கு வந்தது வியப்புக்குரியது. ஏனெனில் இன்றைய தாவரவியலும் இரண்டையும் ஒரே குடும்பத்திலேயே வைத்திருக்கின்றது. லின்னேயஸைப் படியாத நம் தோட்டக்காரர்களின் கண் பழுதற்றது என்பதற்கு இது போதும். மலையாளத்தார் மாத்திரம் கண்ணை விட்டு மூக்கை நம்பினர். மணத்தைக் கொண்டு செம்பகம் என்றனர். உண்மையான செண்பகமோ இன்று மக்னோலியா இனத்திலே சேர்க்கப்பட்டுள்ளது. மக்னோலியா என்ற பெயரைப் படைத்தவர் நம் புளுமியே. தம் பெயர் தாங்கிய மரத்தையும் தாம் பெயரிட்ட இனத்து மரத்தையும் மலையாள நாட்டார் ஒரே சொல்லால் அழைப்பதை அறிந்திருந்தால் அத்துறவி நகைத்திருப்பார்.

சிங்கள அரலிய என்ற சொல்லும் அலரிக்கு நம்மவர் வழங்கும் அரளி என்ற மறுபெயரை ஒட்டியதாகவே காணப்படுகின்றது. பழைய அலரிக்குச் சிங்களத்திலே கனேரு என்ற தனிப்பெயர் இருப்பதால், அவர்களுக்கு இரண்டு மரத்துக்கும் இரண்டு பெயர் உண்டு, குழப்பம் இல்லை.

சிகிரியாக் குன்றின் ஓவியப் பெண்கள் கையிலேந்திய மலர்களுள் அரலியவும் உண்டு என்று கூறுவாருளர். அவ்வோவியங்கள் 5-ஆம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்திலே தீட்டப்பட்டவை. அம்மலர் அரலியவாயின், அமெரிக்க மரம் கொலம்பஸுக்கு ஆயிரம் ஆண்டு முன்னரே இங்கு வந்ததாகும். நாம் இதனை ஏற்கத் துணியோம். ஐந்திதழ் வெண்மலர்கள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. ஓவியன் தாவர நூல் எழுதியவனல்லன். நம் நாட்டுப் பெருமைக்கு வேண்டிய உண்மைகள் நிறைய இருக்கும்போது, ஐயத்துக்குரியதை அதனோடு சேர்த்தால் உண்மையும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

இனி நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தார் ஈழத்தலரி என்று பிரித்துக் கூற, ஈழத்திலுள்ள நாமோ அந்த அடையை விட்டுவிட்டு அலரி என்றே எழுதப் பழகிவிட்டோம். இதனால் மூன்று மரங்கள் ஒரு பெயருக்குள் அடங்கிவிட்டன. ஒன்று பழைய செவ்வலரி, வெள்ளலரி. இரண்டாவது நாம் பேசிவரும் ஈழத்தலரி. மூன்றாவது வேலியோரங்களிலே மணிபோலப் பூத்து நிற்கும் மஞ்சள் அலரி. இம்மூன்றாவதும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1555-இல் பிரேசிலுக்குச் சென்ற ஆந்திரே தெவே என்னும் பிரெஞ்சுத் துறவியின் பெயரால் அதனைத் தெவேசியா என்றனர். ஆக, இரு அலரிகளுக்கும் இரு துறவிகளின் பெயர். ஆனால் குணத்தில் அவை நெடுந்தூரம் வேறுபட்டவை. மஞ்சள் அலரியின் கொட்டை இருதயத்தைத் தாக்குங் கொடிய நஞ்சு; செவ்வலரியும் அத்தகையதே. ஈழத்தலரிப் பூவைக் குழந்தைகள் பொறுக்கி மாலை கட்டி விளையாடுவதை எவரும் தடுப்பதில்லை. மூன்றுக்கும் ஒரே பெயரென்றால், எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று குழந்தைக்கு எப்படிச் சொல்வது? நம் பாட்டிமார் செவ்வலரி, மஞ்சள் அலரி என்று அடைகொடுத்துப் பேசியது வீண் பேச்சன்று.

இக்குழப்பத்தின் மிகப் பெரிய சின்னம் கொழும்பிலே, கொள்ளுப்பிட்டியில், காலி வீதியோரமாக நிற்கின்றது. பிரதம மந்திரியின் உத்தியோக வாசஸ்தலமாகிய அம்மாளிகை, தன் வளவிலே நின்ற மரங்களால் ஆங்கிலத்திற் கோயில் மரங்கள் என்று பெயர் பெற்றது. சிங்களத்தில் அரலிய மரத்து மாளிகை என்று சரியாகவே மொழிபெயர்த்தனர். தமிழில் அது அலரி மாளிகை ஆயிற்று. பத்திரிகையிலே அப்பெயரைப் படிக்கும் தமிழ் வாசகன் மனத்தில் எழுவது செவ்வலரிச் செடி. மாளிகைக்குப் பெயர் கொடுத்ததோ மெக்சிக்கோவின் காக்கைப்பூ.